கடல்கட்டியின் பாட்டு: அரியாலை நாடகக்காரருக்கு ஒரு திறந்த மடல்

அரியாலையின் நாடகக்காரருக்கும், பக்கப்பாட்டுக்காரருக்கும், ஆர்மோனியக்காரருக்கும், மேடைக்கு முன்னால் பாய் விரித்து விடியும்வரை இருந்து பார்த்த ரசிகர்களுக்கும்,



இலங்கைக் கடற்கரையில் கதை நடக்கும் பிரெஞ்சு ஒபேரா ஒன்று உண்டு. தமிழில் சொன்னால் ‘முத்துக் குளிப்போர்’. இசையமைத்தவர் ஜோர்ஜ் பிஸே. 1863 செப்டெம்பர் 30ஆம் திகதி, பாரிஸின் ஷாத்லே சதுக்கத்தில் இருந்த தியாத்ர் லிரிக் அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 24. லாச்சப்பலில் இருக்கும் அரியாலைப் பிள்ளைகள் காடினோ நிலையத்தில் நாலாம் இலக்க மெற்றோ ஏறினால் சில நிமிடத்தில் அந்தச் சதுக்கத்தில் இறங்கலாம். பழைய கட்டடம் 1871இல் எரிந்துபோனது. அதே இடத்தில் எழுந்த அரங்கு இன்றும் நாடகம் போடுகிறது.

இம்மடல் அந்த ஒபேராவின் ஒரு படப்பிடிப்பைப் பற்றியது. 2016 ஜனவரி 16ஆம் திகதி நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஒபேரா அதை மேடையில் நிகழ்த்தி, அதே வேளையில் பல நாட்டுத் திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பியது. பிறகு அது இறுவட்டாகவும் வந்தது. வாசிகசாலை மண்டபத்தில் ஒரு வெள்ளைத் துணியும் நல்ல ஒலிபெருக்கியும் இருந்தால் போதும், அரியாலை அதைப் பார்த்துவிடலாம். பார்க்கவும் வேண்டும். கதை பேசாமல் பாட்டிலேயே நகர்வது இந்த ஊருக்குப் புதினமல்ல. வி. வி. வைரமுத்து ‘மயான காண்டத்தை’ எத்தனை ஊர்களில், எத்தனை இரவுகள் பாடினார் என்பது குடாநாட்டில் வயது போனவர்களுக்குத் தெரியும். சுடலையில் நிற்கும் அரிச்சந்திரன் சந்திரமதியை அடையாளம் காணும் இடத்தில் ஒரு மெட்டு எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது உடையவேண்டும் என்று தெரிந்த காதுகள் உங்களுடையவை. அந்தக் காதுகளோடு பிஸேயைக் கேட்டால், நியூயோர்க் விமர்சகருக்குப் படாத சில விஷயங்கள் உங்களுக்குப் படும்.

முதலில் கதை. இலங்கைக் கரையில் முத்துக்குளிப்போர் கூடி சுர்கா என்பவனைத் தங்கள் தலைவனாகத் தெரிவுசெய்கிறார்கள். காட்டிலிருந்து அவனுடைய பழைய நண்பன் நாதிர் வந்து சேர்கிறான். இருவரும் முன்னொருகால் கண்டியில் ஒரு கோயிலில் முக்காடிட்ட பெண்ணொருத்தியைக் கண்டு, ஒரே கணத்தில் அவளில் மனதைப் பறிகொடுத்து, நட்புக்காக அவளை மறப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். இப்போது குளியாளிகளைக் காக்கப் பாடவென்று முக்காடிட்ட கன்னிப் பூசாரினி ஒருத்தி தோணியில் வந்து இறங்குகிறாள். பெயர் லெய்லா. பாறையின் மேல் நின்று பிரம்மாவையும் சிவனையும் அழைத்துப் பாடவேண்டும், முக்காட்டை எடுக்கக்கூடாது, ஆணை நினைக்கக்கூடாது. அவள்தான் அந்தக் கண்டிப் பெண் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாதிர் குரலை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிடுகிறான். இரவில் அவளிடம் போகிறான். நூராபாத் என்ற தலைமைப் பூசாரி இருவரையும் பிடிக்கிறான். புயல் எழும்புகிறது. மரண தண்டனை. கடைசியில், சிறுமியாக இருந்தபோது தன் உயிரைக் காப்பாற்றியவள் இதே லெய்லா என்பதை ஒரு கழுத்துமாலையால் சுர்கா அறிந்து, குடியிருப்புக்குத் தானே தீ வைத்துச் சனத்தைத் திசைதிருப்பி, இருவரையும் தப்பவிடுகிறான்.

மாலையால் அறிதல், சத்தியம், தீ. சங்கரதாஸ் சுவாமிகள் கையில் கிடைத்திருந்தால் இரண்டு பபூன் காட்சியையும் சேர்த்து விடியும்வரை இழுத்திருப்பார்.

கேட்ட உடனேயே சிரிப்பு வரும். சைவக் கோயில் பூசாரினிக்கு லெய்லா என்று அரபுப் பெயர். தலைமைப் பூசாரிக்கு நூராபாத். கண்டியில் பிரம்மாவுக்குக் கோயில். தலதா மாளிகையும் இல்லை, புத்தரும் இல்லை. அரியாலை வாசல்களுக்கு முன்னாலேயே கண்டி வீதி ஓடுகிறது. ஆனால் அந்த வீதியில் எவ்வளவு தூரம் போனாலும் இந்தக் கண்டி வராது. பாட்டெழுதிய எழ்சேன் கோர்மோனும் மிஷேல் கரேயும் கதையை முதலில் மெக்சிக்கோவில்தான் வைத்திருந்தார்கள். பிறகு பெட்டியைத் தூக்கி இலங்கையில் இறக்கினார்கள். மெக்சிக்கோக் கரைக்கு எழுதிய காதல் இலங்கைக் கரைக்கும் பொருந்தியது என்றால், அது இரண்டு கரையையும் பாராமல் எழுதியது என்றே பொருள்.

ஆனால் இந்தச் சிரிப்போடு மதிப்பீட்டை முடித்துவிட்டால் அது சோம்பல். பிறநாட்டைக் காணாமலே மேடையில் கட்டுவதில் நாமும் குறைந்தவர்களல்லர். ‘ஞானசௌந்தரி’யில் வரும் மேலைநாட்டு அரண்மனை எந்த வரைபடத்தில் இருக்கிறது? பம்மல் சம்பந்த முதலியார் வெனிஸ் வணிகனை ‘வாணிபுர வணிகன்’ ஆக்கினார்; அவரைக் குருவாகக் கொண்ட நம் கலையரசு சொர்ணலிங்கம் அதில் நடித்துப் பெயரெடுத்தார். வெனிஸ்காரர் எவரும் யாழ்ப்பாணத்துக்கு வழக்குப் போட வரவில்லை. ஒரு மேடை தன் ஊரைப் பற்றித்தான் பேசுகிறது, உடுப்பு எந்த நாட்டுடையதாக இருந்தாலும். பிஸேயின் ‘இலங்கை’ என்பது பாரிஸ்காரர் தங்கள் நட்பையும் ஆசையையும் வைத்து விளையாடிய ஒரு திடல். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்த்தால் குறைசொல்ல அதிகம் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. நியூயோர்க் தயாரிப்பு அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அது உண்மையைக் கேட்டது.

இயக்குநர் பெனி வூல்கொக் பிரித்தானியத் திரைப்பட இயக்குநர். ஆர்ஜென்டினாவில் பிறந்தவர். ஜோன் அடம்ஸின் ‘குளிங்கோபரின் மரணம்’ என்ற ஒபேராவை உண்மையான கப்பலில் வைத்துப் படமாக எடுத்தவர். ‘முத்துக் குளிப்போரை’ அவர் முதலில் 2010இல் லண்டனின் இங்கிலிஷ் நஷனல் ஒபேராவுக்காக மேடையேற்றினார். அது 2015 டிசெம்பர் 31ஆம் திகதி இரவு நியூயோர்க்குக்குப் போனது. அந்த அரங்கில் 1916இல் கறுஸோ பாடியபின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்த ஒபேரா ஏறியிருக்கவில்லை. வூல்கொக் கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் சொல்லாத ஒரு ஆசியக் கரை. டிக் பேர்ட் அமைத்த மேடையில் தண்ணீர் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிய தகரக் குடில்கள், மரப் படிகள், கயிறுகள். மூன்றாம் அங்கத்தில் சுர்காவின் கூடாரத்துக்குப் பதிலாகக் கோப்புகள் குவிந்த ஓர் அலுவலக அறை. பிரம்மாவைக் கூப்பிடும் வாய்ப்பாட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பாடுகிறவர் நிற்கும் இடம் மட்டும் மாறிவிட்டது.

இந்தப் படத்தில் மிகச் சிறந்தது முதல் இரண்டு மூன்று நிமிடம். முன்னிசை ஒலிக்கும்போது மேடை முழுவதும் கடலாகிறது. மெல்லிய திரையில் நீரின் ஒளி அசைகிறது; மேலிருந்து குளியாளிகள் இறங்குகிறார்கள், கைகால் மெதுவாக விரிய, நீர்க்குமிழிகள் மேலே போக. உயரத்தில் கட்டிய கம்பியில் தொங்கும் வித்தைக்காரர் அவர்கள். கம்பி கண்ணுக்குப் படாது. வீடியோ உருவங்களும் உண்மை உடல்களும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. குருநகரிலும் பாசையூரிலும் சங்கு குளித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முன்வரிசையில் இருத்திப் பார்க்கச் சொல்லவேண்டும். மூச்சை அடக்கிய மனிதன் கீழே போகும்போது காட்டும் அந்த அவசரமின்மை சரியாக வந்திருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். இம்மடலை எழுதுபவரின் கணிப்பில், வந்திருக்கிறது. ஒரு சொல்லும் பாடப்படாத அந்த இடத்தில்தான் முழு நிகழ்ச்சியிலும் தொழில் என்ற ஒன்று தெரிகிறது.

அதன்பின் யாரும் வேலை செய்வதில்லை.

இது சின்னக் குறையல்ல. தகரக் குடிலையும் கோப்பு அலுமாரியையும் கொண்டுவந்து ‘இது உண்மையான ஏழைக் கரை’ என்று ஒரு இயக்குநர் சொன்னால், அந்தக் கரையில் சனம் என்ன செய்து சாப்பிடுகிறது என்று கேட்பது பார்வையாளரின் உரிமை. சிப்பி எங்கே? அதை யார் எண்ணுகிறார்கள்? யார் வாங்குகிறார்கள்? நாற்றம் எங்கே? 1863இல் அட்டைப் பனையும் பொன்னிறத் துணியும் வைத்து ஆடியபோது இந்தக் கேள்வி எழுந்திராது. தகரத்தைக் கண்டதும் எழும்.

மன்னார்க் கடலின் சலாபம், அதாவது அந்த முத்துக்குளிப்பு, பிஸேயின் ஒபேராவைவிடப் பெரிய நாடகம் என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. ஆண்டின் பெரும்பகுதி ஆளற்றுக் கிடக்கும் அந்த மணற்கரையில், சலாபம் அறிவித்த ஆண்டில் மாசி பங்குனியில் கிடுகாலும் கம்பாலும் ஒரு நகரம் முளைக்கும். கச்சேரி, மருத்துவமனை, பொலிஸ், தேத்தண்ணிக் கடை, வட்டிக்காரன், எல்லாம் இரண்டு மாதத்துக்கு. கீழக்கரை முஸ்லிம் குளியாளிகள், தூத்துக்குடிப் பரதவர், அரபுக் குளியாளிகள், செட்டிமார், பம்பாய் முத்து வியாபாரிகள் என்று பல்லாயிரம் பேர். நடுச்சாமத்துக்குப் பின் கரைக்காற்றில் தோணிகள் பாருக்குப் புறப்படும். பெரிய பார், சேவல் பார் என்று கடலடித் திட்டுகளுக்கும் பெயர் உண்டு. விடிந்ததும் வெடி தீர்க்க, கல்லில் கால்வைத்துக் குளியாளி இறங்குவான். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிடம், அதற்குச் சற்று மேல். கயிறு பிடிக்கிறவன் அசைவை உணர்ந்து இழுக்கவேண்டும். பிற்பகல் கடற்காற்றில் தோணிகள் திரும்பும். வேலியடைத்த ‘கொட்டு’ என்ற முற்றத்தில் சிப்பிகளைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஒன்று குளியாளிக்கு, இரண்டு அரசாங்கத்துக்கு. அரசாங்கத்தின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவன் ஒவ்வொரு சிப்பியாகத் திறந்து பார்ப்பதில்லை. நாட்கணக்கில் அழுகவிட்டு, புழுவும் ஈயும் தின்றபின் கழுவி, அடியில் மிஞ்சிய மணலில் முத்தைத் தேடுவான். அதாவது ஏலத்தில் கை உயர்த்தும் எவருக்கும் தான் வாங்குவது செல்வமா குப்பையா என்று தெரியாது. இதைவிட நல்ல இரண்டாம் அங்கத்தை எந்த நாடகாசிரியன் எழுத முடியும்?

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்தது 25 இலட்சம் ரூபாயளவு. அந்தப் பேராசையில் பார்களை அடுத்த ஆண்டே ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907உடன் சிப்பி இல்லாமல் போனது. கம்பனியும் போனது. ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி இதே கடலை ஆராய்ந்து 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டிருந்தார். அதைப் படித்தும் கடல் தன் கணக்கை மாற்றவில்லை. 1906இல் மறிச்சுக்கட்டிக் கொட்டில் ஒழுங்கு பார்க்க அனுப்பப்பட்டவர்களில் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலைபழகிய இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப் ஒருவர். பின்னாளில் அவர் எழுதியவற்றில் முத்தின் ஒளியைவிட அழுகிய சிப்பியின் நாற்றம்தான் கூடுதலாக வருகிறது.

இனி, இந்தப் பொய்க் கதைக்குள் ஒளிந்திருக்கும் மெய். லெய்லா பாறையில் நின்று பாடுவது முழுக்கற்பனை என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படியல்ல. சலாபத்தில் கடல்கட்டி என்றொரு பதவி இருந்தது. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் வராமல் குளியாளிகள் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை வரவழைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டும் பிராமணருக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். பகலுக்கு மட்டும் கட்டு. இரவானதும் அவிழ்த்துவிடுவார்களாம், களவாக யாரும் குளிக்காதிருக்க. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இன்னும் ருசியான செய்தி உண்டு. அவர் போன காலத்தில் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். மந்திரம் வேலைசெய்வதற்கு அது தடையாக இருக்கவில்லை. அன்று அவருக்குச் சுகமில்லை; பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். பதிலாளுக்கு மந்திரம் தெரியாது. ஆனாலும் தான் வந்து நின்றாலே போதும், இன்னாருடைய ஆள் என்று சுறாக்கள் மதிக்கும் என்று டெனன்டுக்கு அவர் உறுதி சொன்னாராம்.

எமது கந்தோர்களில் இன்றும் நடக்கும் காரியம்தான்!

பாரிஸ் எழுத்தாளர்கள் இந்தக் கடல்கட்டியைப் பெண்ணாக்கி, முக்காடு போட்டு, கன்னிமை விரதம் வைத்தார்கள். விரதம்கூட இந்தப் பக்கத்துக்கு அந்நியமில்லை. கரையில் இருக்கும் பெண்ணின் ஒழுக்கம்தான் கடலில் போன ஆணைக் காக்கிறது என்ற நம்பிக்கையில்தான் தகழியின் ‘செம்மீன்’ முழுவதும் நிற்கிறது. ஆகவே ஒபேராவின் நடுவிலிருக்கும் முடிச்சு ஆசியாவைப் பற்றிய வெறும் பொய்யல்ல. கீழைநாட்டு அலங்காரத்துக்காகக் கையில் எடுத்த ஒரு பொருள், எடுத்தவர் அறியாமலே கனமானதாக இருந்துவிட்டது.

இந்தக் கனத்தைத்தான் நியூயோர்க் தயாரிப்பு தவறவிடுகிறது. இரண்டாம் அங்கத்தின் முடிவில் பிஸே எழுதியது புயல். விரதம் கெட்டதால் தெய்வம் சினந்தது என்று கூட்டம் நடுங்கிப் பாடுகிறது. வூல்கொக் அந்தப் புயலைச் சுனாமியாக்கினார். பெரும் நீர்ச்சுவர் ஒன்று திரையில் எழுந்து வந்து மேடையை விழுங்குகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பிரமாதம். நேரில் பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். படத்தில் பார்க்கிறவருக்கு அவ்வளவு இல்லை, அதைப் பிறகு பார்ப்போம். கேட்கவேண்டிய கேள்வி இது: அலை சுனாமி என்றால், அதை வரவழைத்தது யார்? கதையின்படி, ஒரு பெண் ஒரு ஆணைக் கட்டிப்பிடித்தது. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு வடமராட்சி கிழக்கின் மணற்காட்டிலும் மருதங்கேணியிலும் பிணம் தேடிய சனத்துக்கு முன்னால், ‘இது யாரோ செய்த பாவம்’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஒபேரா தன் புயலால் சொன்னதைச் சுனாமியால் சொல்லும்போது அதே பேச்சை அது பேசுகிறது, தன்னை அறியாமலே. புயல் ஒரு கதைப்புயல்; அதற்குக் காரணமாகப் பாவத்தைச் சொல்லலாம். சுனாமி நடந்த ஒன்று. அதற்குக் கடலடி நிலம் அசைந்ததுதான் காரணம். மூன்றாம் அங்கத்தில் அழிந்த ஊரின் நடுவே சுர்கா தன் பொறாமையைப் பற்றிப் பாடுவதும் இதனால் சிறுத்துப்போகிறது. ஊரே போய்விட்டது, இவனுக்குப் பெட்டையின் பிரச்சினை.

இனிப் பாட்டுக்காரர். நாதிராகப் பாடிய அமெரிக்கர் மத்யூ பொலென்சானிதான் இந்தப் படத்தை வாங்குவதற்கான காரணம். முதல் அங்கத்தில் தனியாக இருக்கும் நாதிர் அந்தக் குரலை நினைத்துப் பாடும் பாட்டு ஓடத்தின் தாளத்தில் மெல்ல ஆடிக்கொண்டே போகும். கூட ஒரு ஊதுகுழல் தழுவும். கஷ்டம் எங்கே என்றால், மேலே போகப்போகக் குரலைக் குறைக்கவேண்டும். உச்சத்தில் உரத்துப் பாடிக் கைதட்டு வாங்குவது எந்த நாட்டு இராசபாட்டுக்கும் தெரிந்த வித்தை. எட்டுக்கட்டைக் குரலுக்கு ஏங்கிய யாழ்ப்பாணத்துக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். பொலென்சானி உச்சியில் குரலை நூலாக்கி அப்படியே நிறுத்துகிறார். நாலாயிரம் பேர்வரை இருக்கும் அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல்.

லெய்லாவாக ஜெர்மனியின் டயானா டம்ராவ். பாறை மேல் பாடும் பிருகா நிறைந்த பகுதியில் அவர் சுரங்களைச் சிதறவிடும் விதம் அழகு. சில இடங்களில் அழகு கூடிவிட்டது. சுறாவைக் கட்டுகிறவள் என்ற எண்ணம் வரவில்லை, கச்சேரி செய்கிறவள் என்ற எண்ணம் வருகிறது. இரண்டாம் அங்கத்தில் பயத்தோடு தனியே இருந்து பாடும்போது அந்தக் குறை நீங்கிவிடுகிறது. சுர்கா, போலந்துக்காரர் மரியூஸ் க்வியேச்சென். நல்ல நடிகர், கொஞ்சம் முரட்டுக் குரல். பாத்திரத்துக்கு அது பொருந்தும். நூராபாத்தாக வரும் நிக்கொலா டெஸ்தே மட்டுமே இந்த நால்வரில் பிரெஞ்சுக்காரர்; மேடைக்கு வெளியே டம்ராவின் கணவர். பூசாரியாக வந்து மனைவியின் கற்பைக் கண்காணிக்கும் வேலை. இசைநடத்துநர் இத்தாலியரான ஜியானான்ட்ரேயா நொசேதா, எங்கும் தொய்யவிடவில்லை.

ஒபேராவைக் கேட்காதவர்கள்கூட எங்கோ கேட்டிருக்கும் மெட்டு, முதல் அங்கத்தில் நண்பர் இருவரும் கண்டிக் கோயிலை நினைத்துப் பாடும் இருகுரல் பாட்டு. புல்லாங்குழலும் யாழும் அதைத் தொடங்கும். அந்த மெட்டு பிறகு ஒபேரா முழுவதும் திரும்பத் திரும்ப வரும். அன்றைய பாரிஸ் விமர்சகர் பலர் பிஸேயை விரட்டியடித்தார்கள். 18 காட்சிகளோடு மேடை மூடியது. பெர்லியோஸ் ஒருவர்தான் 1863 ஒக்டோபர் 8ஆம் திகதிப் பத்திரிகையில் மனந்திறந்து பாராட்டினார். பெரிய இசையமைப்பாளரான அவர் அந்தப் பத்திரிகைக்கு எழுதிய கடைசி விமர்சனமும் அதுதான். பிஸே 1875இல் ‘கார்மென்’ மேடையேறிய மூன்றாம் மாதம், 36 வயதில் இறந்தபின், இந்த ஒபேராவில் பிறர் கைவைத்தார்கள். இருகுரல் பாட்டின் முடிவை மாற்றிப் பிரபலமான மெட்டையே மறுபடி பாடவைத்தார்கள். பெஞ்சமின் கொடார் எழுதிய மூவர் பாட்டு ஒன்றைக் கடைசியில் செருகினார்கள். சில பதிப்புகளில் சுர்காவை எரித்தார்கள், சிலவற்றில் குத்தினார்கள். கூத்தின் ஏட்டை ஊருக்கு ஊர் அண்ணாவிமார் வெட்டி ஒட்டுவதைப் பார்த்த உங்களுக்கு இது அதிசயமாகப் படாது. நியூயோர்க் மேடை சுர்காவைக் கொல்லவில்லை. காதலர் போனபின், தான் வைத்த தீயின் நடுவே அவன் தனியே விடப்படுகிறான். பிஸே 1863இல் விரும்பியதும் இதுதான். இந்த ஒரு முடிவுக்காக வூல்கொக்குக்குப் பல பிழைகளை மன்னிக்கலாம்.

கமெராவைப் பற்றி. மெட்ரோபொலிட்டன் இந்த நேரடி ஒளிபரப்பை 2006 டிசெம்பர் 30ஆம் திகதி மோசாட்டின் ‘மாயக் குழலோடு’ தொடங்கியது. பத்தாண்டுப் பழக்கத்தில் அவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்துவிட்டது: முகத்துக்குள் போய்விடுவது. ஒபேராப் பாடகரின் முகம் அரங்கின் கடைசிக் கதிரைக்காக வேலைசெய்யும் முகம். முழத்துக்கு முழம் கிட்டப்போனால் வாயும் நாக்கும் வியர்வையும்தான் தெரியும். கூட்டம் பாடும்போது கூட்டத்தைக் காட்டாமல் ஒரு மூலையில் நிற்கும் இருவரைக் காட்டுவார்கள். அப்போது குரல் நூறு, ஆள் இரண்டு. பெரிய அலையும் இதனால்தான் படத்தில் சுருங்குகிறது. அரங்கில் இருந்தவரை அது மேலிருந்து மூடியது. கமெரா அதை இன்னொரு படமாக மாற்றிவிட்டது.

முக்காடு விஷயம் இன்னும் வேடிக்கை. லெய்லாவின் முகம் சுர்காவுக்குத் தெரியாது என்பதில்தான் கதை தொங்குகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதை நம்புவார். கிட்டே வந்த கமெராவுக்கு அந்த மெல்லிய துணி ஒரு மறைப்பே அல்ல. கண்ணும் மூக்கும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன, பக்கத்தில் நிற்கும் சுர்காவுக்கு மட்டும் தெரியவில்லை. கூத்தில் இந்தப் பிரச்சினை வருவதில்லை. அங்கே வேடம் என்றால் வேடம். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. உண்மைபோலக் காட்ட முயலும் மேடைக்குத்தான் கமெரா எதிரி.

அப்படியிருக்க ஏன் பார்க்கவேண்டும்? முன்னிசையில் வரும் அந்தக் குளியாளிகளுக்காக. பொலென்சானியின் அந்த ஒரு பாட்டுக்காக. மூன்றாவதாக, அரியாலை மேடை இதுவரை தொடாத ஒரு பொருளை இந்தப் பிரெஞ்சுக்காரர் நமக்குத் தெரியாமலே நம் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கர்ணனையும் அரிச்சந்திரனையும் பாடிய மேடையில் கடல்கட்டியை யாரும் பாடியதாகத் தெரியவில்லை. சுகமில்லாத தலைவர், மந்திரம் தெரியாத பதிலாள், இறங்க மறுக்கும் குளியாளிகள், தோணிகளை அனுப்பியாகவேண்டிய வெள்ளைக்கார அதிகாரி, ஏலத்தில் வீட்டையும் காணியையும் வைத்த வியாபாரி: ஐந்து பாத்திரங்கள் தயாராக நிற்கின்றன. கடலில் ஒரு சுறா வந்தால் போதும், கதை ஓடும். டெனன்டின் நூல் பொது நூலகத்தில் கேட்டுப் பார்க்கத்தக்க நூல்தான். வூல்ஃபின் தன்வரலாற்றில் யாழ்ப்பாண ஆண்டுகளைச் சொல்லும் தொகுதியும் அப்படியே.

திரையிடுவதற்குச் சில யோசனைகள். முழு நிகழ்ச்சியும் இடைவேளையோடு இரண்டரை மணித்தியாலமளவு. ஒரே இரவில் முடித்துவிடலாம், விடியும்வரை இருக்கத் தேவையில்லை. பொதுவில் காட்டுவதற்கு உரிமம் வேண்டும், அதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. கீழே ஓடும் எழுத்து தமிழில் வராது. ஆகவே ஒவ்வொரு அங்கத்துக்கும் முன்னால் ஒருவர் எழுந்து நின்று, யார் வருகிறார், என்ன பாடப்போகிறார் என்று கட்டியம் கூறவேண்டும். உங்களுக்குள் அதற்கு ஆள் தேடி அலையவேண்டியதில்லை. பாசையூரிலிருந்து ஒரு அண்ணாவியாரையும் குருநகரிலிருந்து சங்கு குளித்த ஒருவரையும் கூப்பிட்டு, படம் முடிந்தபின் அரைமணி நேரம் அவர்களைப் பேசவிடுங்கள். இரண்டாம் அங்கத்தில் அலை வருவதற்கு முன், வடமராட்சி கிழக்கிலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், இப்படியொரு காட்சி வரும் என்று கட்டியகாரர் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.